தனி டம்ளர்

"கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுக்குக் காய்ச்சலப் பத்தி இன்னா தெரியும்?" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலை அது. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு ஒரு கூடமும் சமையலறையும்தான். அண்ணன் எலெக்ட்ரானிக் சிட்டியில் காவலாளி. அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதக் கர்ப்பிணியான அண்ணி எங்களோடு இருந்தாள். காய்ச்சலோடு அப்பா கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார். எல்லோரும் குடிக்கும் குடத்தில், எல்லோரும் மொள்ளும் சொம்பையே விட்டு மொண்டு குடித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. நோய் வந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தேடிப் படித்து வைத்திருந்தேன். ஒரு புது எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்தேன். மாறிப்போகாமலிருக்க டம்ளரில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்து, வாசலோரம் பாயை விரித்து, பக்கத்தில் வைத்தேன்.

"இனிமே உங்களுக்கு இதுதாம்பா. குடிச்சிட்டு நீங்களே கழுவி இங்கயே வெச்சிடுங்க."

அப்பா பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல டீக்கடக்காரன் இதே பேச்சுதான் பேசுவான், பாப்பா. எங்களுக்குன்னு டம்ளர் வெளிய கெடக்கும். நாங்களே எடுக்கணும், நாங்களே கழுவி வெக்கணும். அது வேணான்னுதான் பஸ் ஏறி இங்க வந்தேன். இப்ப எம் பொண்ணு பொட்டு வெச்சுக் குடுக்கறா."

இரட்டைக் குவளையைப் பற்றிப் பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதைப் பிடித்த கை எங்கள் வீட்டிலேயே இருக்கிறதென்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா எழுந்து போய், வேண்டுமென்றே அதே சொம்பில் மொண்டு குடித்துவிட்டு, அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து இருமினார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமனார் எதிரில் எழுந்து போக அவளுக்குத் தயக்கம்.

இனி நான் சொல்லும் ஒவ்வொரு சரியான வார்த்தையும் அவர் காதில் டீக்கடைக்காரன் குரலில்தான் விழும். ஆனால் அவர் மனசு ஆறும்வரை நோய் காத்திருக்காது. யோசித்தபோதுதான் உறைத்தது: இந்த நோய் டம்ளரைவிட மூச்சுக்காற்றில்தான் அதிகம் பரவுகிறது. தள்ளிப் போகவேண்டியவர் அப்பாவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

டம்ளரை எடுத்துப் பையில் போட்டேன். மாடியில் வீட்டுக்கார ஆன்ட்டியின் அறை ஒன்று காலியாக இருந்தது. முகக்கவசத்தோடு படியிலேயே நின்று, வீட்டு நிலைமையைச் சொல்லிக் கேட்டேன். "இதுக்கு எதுக்கும்மா கேக்கற?" என்று சாவியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இறங்கி வந்து, "அப்பா, அண்ணிக்குத் தனி ரூம் பார்த்துட்டேன். பிரசவம் வரைக்கும் அங்கதான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "புள்ளத்தாச்சிக்குன்னா சரி. மெத்தையையும் எடுத்துட்டுப் போ. தரையில படுக்க வெச்சிடாத."

"நீயும் அவளோடவே இரு. இவர நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா, முகக்கவசத்தைக் கட்டியபடி.

அப்பாவிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பரிசோதனைக்கு ஆள் அனுப்பும்படி சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணியை முன்னால் விட்டுப் படியேறினேன். மாடி அறையின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன்.