கிழக்குக் கதவும் ஒரு கல்வெட்டும்

1. கும்மிடிப்பூண்டியில் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் தயாரிக்கும் ஒரு ஷெட்டின் கிழக்குக் கதவு எப்போதும் பூட்டியிருந்தது.
2. அதைத் திறக்காதவரை அந்த ஷெட்டுக்குத் தீ இன்ஷூரன்ஸ் தரக் கூடாது என்று நான் அறிக்கை எழுதினேன்.
3. எங்கள் கம்பெனி தந்தது.
4. ஷெட் முதலாளியின் அக்கா கணவர் நாடாளுமன்ற உறுப்பினர்.
5. கதவு பிறகு திறந்தது. என் அறிக்கையால் அல்ல.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக் டிப்ளமோவோடு சென்னையில் ஒரு பெரிய தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஓர் இடத்தில் எது தீப்பிடிக்கும், பிடித்தால் ஆட்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று பார்த்து எழுதுவது வேலை. திருவள்ளூர் அரிசி ஆலைகளும் கும்மிடிப்பூண்டி ஷெட்டுகளும் என் பங்கு.

அந்த ஷெட்டுக்கு இரண்டு கதவுகள். மேற்கே சாலைப் பக்கம் ஒன்று, கிழக்கே ரயில் பாதைப் பக்கம் ஒன்று. மேற்குக் கதவை ஒட்டி டின்களில் தின்னர் ஊற்றும் மேசை. கிழக்குக் கோடியில் பெண்கள் தரையில் உட்கார்ந்து டின்களுக்கு மூடி போட்டு லேபிள் ஒட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் டிரம்கள், டிரம்களுக்குப் பின்னால் பூட்டிய கதவு. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஓடும். தீ என்று ஒன்று வந்தால் மேசையில்தான் தொடங்கும். பெண்கள் அதைத் தாண்டித்தான் வெளியே வர முடியும்.

முதலாளியிடம் கேட்டேன்.

"தொறந்து உட்டா, நாலு மணி ரயிலுக்கு மூணரைக்கே கெளம்பிடுவாளுங்கமா. டின்னும் கூடவே போய்டும்" என்றார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

லேபிள் ஒட்டியவர்களில் மூத்தவர் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். முதலாளி நகர்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா டீச்சரம்மா, எழுதிக்கினே கீறியே, கதவு தொறக்குமா?"

நான் டீச்சர் இல்லை என்றேன்.

"யாராயிருந்தா இன்னா. எங்க ஊட்டு வலையில மீனுக்குக்கூட ஓட்டை கீது. எங்களுக்கு அதுவும் இல்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், "சிரிக்காதீங்கடி, மேலத் தெரு ஷெட்டுல அன்னிக்கு வெந்தாளே, அவளுக்கும் இப்டித்தான் பூட்டிக்கினு இருந்துச்சு" என்றாள். சிரிப்பு நின்றது. நான் அறிக்கையை எழுதி முடித்துக் கொடுத்தேன்.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டார். "உங்க ரிப்போர்ட்டைப் படிச்சேம்மா. நல்ல ரிப்போர்ட். பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன்."

"பாலிசி, சார்?"

"அது போன வாரமே போயிடுச்சு."

ஆயுள் இன்ஷூரன்ஸை முன்பே எடுத்துக்கொண்டதுபோல, தீ, கப்பல், மோட்டார் என்று மற்ற இன்ஷூரன்ஸ்களையும் அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அதைத் தடுக்க எங்கள் கம்பெனிப் பெரியவர்கள் டெல்லிக்கும் சென்னைக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கட்சிக்காரரின் தம்பிக்கு ஏஜென்சி கிடைத்தது. அவர் ஒரு பாலிசிகூட விற்றதாக யாருக்கும் நினைவில்லை. இதை யாரும் கிசுகிசுத்துப் பேசவில்லை. 'பொதுத் தொடர்பு' என்று அதற்கொரு ஃபைலே இருந்தது. ஷெட் முதலாளியின் மாமாவான அந்த எம்.பி. நாடாளுமன்றத்தில் எங்களுக்காகப் பேச வேண்டும் என்பதும் அந்த ஃபைலில் சேர்ந்த விஷயம்.

அதற்காக ஒரு விழா ஏற்பாடானது. ஷெட்டில் புதிதாகச் சேர்த்த ஓர் அறையை எம்.பி. திறந்து வைப்பார், கல்வெட்டில் அவர் பெயர் இருக்கும், பந்தலும் சாப்பாடும் கம்பெனி செலவு. இடம் தெரிந்தவள் என்பதால் கல்வெட்டை எங்கே பதிப்பது என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

முதலாளி மேற்கு வாசலைக் காட்டினார். விழா காலையில் என்று நினைவூட்டினேன். காலையில் மேற்குச் சுவர் நிழலில் இருக்கும். வெயில் விழுவது கிழக்குச் சுவரில். போட்டோ அங்கேதான் தெளிவாக வரும்.

முதலாளி யோசித்தார். "ஆமா, மாமா ஏற்கெனவே கறுப்பு. நெழல்ல நின்னா பல்லு மட்டுந்தான் தெரியும்."

கல்வெட்டு கிழக்குக் கதவுக்குப் பக்கத்தில், எம்.பி. உள்ளே நுழைவதும் அந்தக் கதவு வழியாக என்று முடிவானது. டிரம்கள் வெளியே வந்தன. எம்.பி. கையால் தள்ளித் திறக்க வேண்டிய கதவு என்பதால் பூட்டைக் கழற்றி உள்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொன்னேன். அதே வாரம் போட்டார்கள்.

விழாவில் எம்.பி. எங்கள் கம்பெனியை ஏழைகளின் குடை என்றார். மேனேஜர் கடைசிவரை கை தட்டினார். பெண்கள் டின்களை ஓரம் தள்ளிவிட்டு நின்று பார்த்தார்கள். மூத்தவர் என் பக்கம் வந்து, "காத்து வருது டீச்சரம்மா. தலை கிர்ருனு சுத்தல இன்னிக்கு" என்றார். டீச்சர் என்பதை நான் திருத்தவில்லை.

இன்ஷூரன்ஸை அரசுடைமையாக்கும் மசோதா வந்தபோது எம்.பி. அதற்கு ஆதரவாக வாக்களித்தார். செய்தித்தாளை மடித்து வைத்த மேனேஜர், "பந்தல்காரன் பில்லை மட்டும் சரிபார்த்து அனுப்பச் சொல்லும்மா" என்றார். கம்பெனி அரசிடம் போனது. எங்கள் மேசைகளும் பீரோக்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தேர்தலில் எம்.பி. தோற்றார். அடுத்த ஆய்வுக்குப் போனபோது டிரம்கள் திரும்ப வந்திருக்கும் என்று நினைத்துத்தான் ஷெட்டைச் சுற்றிப் போனேன். கல்வெட்டு துடைத்து வைத்தமாதிரி இருந்தது. கதவு திறந்திருந்தது.

"இடம் பத்தலமா, பேஜாரா கீது. அங்கதான் அடுக்கலாம்னு பாத்தேன்" என்றார் முதலாளி.

"ஏன் அடுக்கலை?"

"அடுத்த தபா ஜெயிச்சு வந்துட்டாருன்னா? என் பேருக்கு முன்னாடி டிரம்மைப் போட்டியாடான்னு கேப்பாரு. எங்க அக்கா வேற சும்மா உடுவாளா?"

உள்ளிருந்து மூத்தவரின் குரல் கேட்டது: "அந்தக் கல்லு மேல சத்தியமா, அவரு ஜெயிக்கவும் வேணாம், சாகவும் வேணாம்!"

முதலாளியும் சிரித்துவிட்டார்.

இப்போதைய நிலை இது. முன்னாள் எம்.பி. அடுத்த தேர்தலுக்கு இடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் முதல் அறிக்கை அதே பீரோவில் இருக்கிறது. கிழக்குக் கதவில் தாழ்ப்பாள் மட்டும், பூட்டு இல்லை. பெண்கள் நாலு மணி ரயிலுக்கு அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஷெட்டில் இதுவரை தீப்பிடிக்கவில்லை.