அக்காவின் கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்க வேண்டும்

என் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் போடுகிற சத்தத்தில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் எதிரே வரும் லாரியைவிட அவளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். "கண்ணாடியைப் பாருங்க சார்! உங்க மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்ற வண்டியை!" என்பாள். திட்டு வாங்கியவர்களே லைசென்ஸ் கையில் கிடைத்ததும் அவளைத் தேடி வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு முதலில் விரல்கள் மக்கர் பண்ணின. பிறகு கால்கள். அதற்கும் பிறகு நாக்கு. நரம்பு நோய் என்றார் டாக்டர். மருந்து கிடையாது என்றார். இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு அந்த ஆள் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. "அவர் என்ன தம்பி பண்ணுவார்?" என்பார் மாமா. அக்காவின் கணவர், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கோபமே வராத மனுஷன். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு வதந்தி. கடையில் கழித்துப்போட்ட மெஷின் ஒன்றைத் தூக்கிவந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டேன். கிழட்டு மெஷினில் அதுதான் முக்கி முனகாமல் ஓடும். அப்போது அக்காவுக்குக் கழுத்து மட்டும் அசையும். ஒரு நிரல், அதாவது புரோகிராம், கேமரா வழியாக அவள் முகத்தைப் பார்த்து, தலை திரும்புகிற பக்கம் அம்புக்குறியை நகர்த்தும். இரண்டாவது நிரல் திரையில் கீபோர்டை விரிக்கும். ஓர் எழுத்தின் மேல் அம்புக்குறி சற்று நின்றால் அந்த எழுத்து விழும். மூன்றாவது, அவள் எழுதியதை உரக்கப் படிக்கும்.

முதல் நாள் மாமா ஆசையாக அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். கேமரா அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை எங்கேயோ மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் நகர்ந்த பிறகு அக்கா பொறுமையாக எழுதினாள்: "இனிமே என் பின்னாடி வந்து நிக்காதீங்க." மெஷின் குரல்தான், ஆனாலும் அது அக்காவேதான். மாமா சிரித்துக்கொண்டே அழுதார்.

காலையில் மாமா வேலைக்குக் கிளம்பினால் மதியம்தான் திரும்புவார். நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் அக்கா எழுதுவாள், ஜன்னலோரம் வைத்த ஸ்பீக்கர் கத்தும், கீழ் வீட்டு அம்மா சாவியோடு ஏறி வருவார். அவள் உயிர் அந்த மூன்று நிரல்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவிலோ கரண்ட் நினைத்தால் போகும், நினைத்தால் வரும். பேட்டரி சிறிது நேரம் தாங்கும், பிறகு மெஷின் படுத்துவிடும். கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாக எழும்படி வைத்திருந்தேன்.

ஒரு நாள் மாமா வீடு திரும்பியபோது அக்கா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, இடுப்புப் பட்டை விலாவில் அழுந்த, அப்படியே கிடந்திருக்கிறாள். "கரண்ட் போய் வந்திருக்கு தம்பி. அந்த மூணும் வரலை" என்றார் போனில்.

ஓடிப்போய், மெஷின் எழும்போதே கிளம்ப வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்தேன். மூன்று நிரல்களையும் சேர்த்தேன். கேமரா கண் விழிக்கும் முன்பே முதல் நிரல் அதைத் தேடி ஏமாந்ததால், பத்து விநாடி பொறுத்துக் கிளம்பச் சொன்னேன். லாக்-அவுட் செய்து வெளியேறினேன், மறுபடி லாக்-இன் செய்து உள்ளே நுழைந்தேன். மூன்றும் வரிசையாக வந்து நின்றன. மாமா என் முதுகில் தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை கரண்ட் போனபோதும் அதே கதை, மாமா வரும்வரை அக்காவால் கூப்பிட முடியவில்லை. காரணம் பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் மாமா செருப்பைக் கழற்றியதும் முதலில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். அது கைப்பழக்கம், அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நானும் சோதித்தபோது என் கையால் தட்டித்தானே உள்ளே போனேன்! மெஷின் எழுந்து, பாஸ்வேர்டு கேட்டு, வாசலிலேயே நின்றிருக்கிறது. பாஸ்வேர்டு போட அக்காவுக்குக் கீபோர்டு வேண்டும். கீபோர்டு வரப் பாஸ்வேர்டு வேண்டும்.

பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போகும்படி மாற்றினேன். அப்பாடா என்று இருந்தேன். அதற்கடுத்த முறை, மூன்று நிரல்களும் ஒழுங்காக எழுந்தன. அவற்றுக்கு முன்னால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மெஷின் தன் ரகசியங்களைப் பூட்டி வைத்திருக்கும் 'சாவிக்கொத்து' என்ற ஒன்றைத் திறக்க வேண்டுமாம், பாஸ்வேர்டு கொடு என்றது. அது போகும்வரை பின்னால் இருக்கும் கீபோர்டில் ஓர் எழுத்துகூட விழாது. அன்று அக்காவுக்குத் தொண்டையில் சளி அடைத்துவிட்டது. கீழ் வீட்டு அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனவர், போகிற போக்கில் எட்டிப் பார்த்ததால் அக்கா பிழைத்தாள். பெட்டி நடுத்திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. திருடனிடமிருந்து காப்பாற்றுகிறதாம்! எந்தத் திருடன் வந்து எங்கள் வீட்டில் எதை எடுக்கப் போகிறான்? மெஷினைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைத்தால் அக்கா எதில் பேசுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு சாவிக்கொத்தின் பூட்டையும் கழற்றினேன்.

"சரியாயிடுச்சுக்கா" என்றேன்.

அவள் எழுதினாள்: "ப்ளக்கைப் பிடுங்கிப் பார்."

பேட்டரியையும் சேர்த்துப் பிடுங்கினேன். மறுபடி சொருகிவிட்டு, மாமாவோடு சேர்த்து மூன்று பேரும் திரையையே பார்த்தோம். யாரும் எதையும் தொடவில்லை. அம்புக்குறி வந்தது, கீபோர்டு விரிந்தது. அக்கா தலையை மெல்ல அசைத்து எழுத, ஸ்பீக்கர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது: "பாஸாயிட்டான். இவனுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்."

அதன் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போனது. ஒரு தடவைகூட மெஷின் ஏமாற்றவில்லை. கழுத்துதான் ஏமாற்றியது. கொஞ்சம் கொஞ்சமாக அம்புக்குறி ஓர எழுத்துகளுக்கு எட்டவில்லை. நான் கீபோர்டைச் சுருக்கிச் சுருக்கி நடுவில் கொண்டுவந்தேன். பிறகு நடுவில் இருப்பதும் எட்டவில்லை. கண் அசைவைப் பிடிக்கிற கேமரா ஒன்றை இரவல் வாங்கிவந்து பார்த்தோம். அதற்குப் போதிய அளவு அவள் விழி நகரவில்லை. இப்போது இமை மட்டும். ஒரு சிமிட்டல் சரி, இரண்டு சிமிட்டல் வேண்டாம். மாமா வேலையை விட்டுவிட்டு அவள் கூடவே இருக்கிறார்.

மெஷின் மட்டும் தினமும் காலையில் எழுந்து, மூன்றையும் கிளப்பி, அக்கா முகத்தைக் கண்டுபிடித்து, அம்புக்குறியை நடுத்திரையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது.

"பார்க்க முடியல தம்பி. எடுத்துடேன்" என்றார் மாமா.

பட்டியலைத் திறந்தேன். எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இருந்தாலும் அவளைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. அவள் கண்ணுக்கு நேரே குனிந்து, "எடுத்துடட்டுமாக்கா?" என்றேன்.

இரண்டு சிமிட்டல்.

மாமாவும் கேட்டார். மறுபடி இரண்டு.

"ஏன்க்கா?" என்று கேட்டுவிட்டேன். வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது, சிமிட்டலில் 'ஏன்' சொல்ல முடியாது என்று. அக்கா சிமிட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.