மணலில் நிற்காத முளை

என் வீட்டுத் தோட்டத்துக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் ஓர் இரும்பு முளையைக் கிடத்தி வைத்திருக்கிறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். ஒரு முனை கூர்மை. மறுமுனை, கயிறு நழுவாமல் இருப்பதற்காகக் கொக்கிபோல் வளைந்திருக்கும். கூடாரம் அடிப்பதற்காகப் பிரெஞ்சு ராணுவத்தில் கொடுத்தது. வருகிறவர்கள் காலில் இடித்துக்கொண்டு, "இத ஏன் இன்னும் பழைய இரும்புக்காரன்கிட்ட போடல?" என்று கேட்பார்கள். நான் பதில் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிற சுபாவம் சிறு வயதிலிருந்தே எனக்கு இல்லை. அந்தச் சுபாவத்தால் என்ன நடந்தது, அதை அம்மா எப்படிச் சரிசெய்தாள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முளையைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. பதினைந்து வருடம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சைகோன் வரை போய், பென்சனோடு திரும்பியவர். சிப்பாய் என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வதுபோலத் தெருவில் அவரை 'சொல்தா' என்றே சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் விறைப்பு மட்டும் போகவில்லை. அவரிடம் ஒரு பச்சைக் கித்தான் கூடாரம் இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் அப்பா வேலை பார்த்த மில்லில் நான்கு நாள் விடுமுறை விடுவார்கள். அந்த நான்கு நாளும் எங்கள் இரண்டு குடும்பமும் அந்தக் கூடாரத்தில்தான். மாட்டு வண்டியில் அரிசி, பானை, பாய், கூடாரம் எல்லாம் ஏற்றிக் கடலூர் ரோட்டில் போய், நோணாங்குப்பத்தில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து, ஆறும் கடலும் சேர்கிற இடத்துக்குப் பக்கத்து மணல்திட்டில் தங்குவோம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் கொஞ்சம் சவுக்கு மரங்கள். மில் குடியிருப்பில் ஒற்றை அறையில் வளர்ந்த எனக்கு, காலை நீட்டிப் படுத்தால் சுவரில் இடிக்காத இடம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அங்கேதான் தெரிந்தது.

அம்மா பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். கணவனின் அண்ணன் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதுதான் அப்போது எங்கள் வழக்கம். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் என் வழியாகத்தான் போகும். பெரியப்பா மூன்றடி தள்ளி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். "பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பாள் அம்மா. அவர் காதில் அது விழுந்திருக்கும். ஆனாலும் நான் கேட்கும்வரை காத்திருந்து, "போதும்னு சொல்லு" என்பார். இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை. வீட்டில் பேசவே கூச்சப்பட்ட எனக்கு மட்டும், இரண்டு பேருடைய பேச்சையும் சுமப்பது பெரிய பாரமாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயதான வருடம். தம்பி அப்போது ஒன்றரை வயதுக் குழந்தை. எங்களை இறக்கிவிட்ட படகுக்காரர், மீன் வாங்கப் போகவர இருக்கட்டும் என்று ஒரு சின்ன ஓடத்தை எங்களிடம் விட்டு, அதன் கயிற்றைச் சவுக்கு மரத்தில் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அந்தக் கயிறு தடுக்கிப் பெரியம்மா விழப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. முகாமில் ஒழுங்கு வேண்டும் என்பார். கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் ஓரமாக இந்த இரும்பு முளையை அடித்து, அதில் ஓடத்தைக் கட்டினார். கையைத் தட்டிக்கொண்டு, "யானையக் கட்டினாலும் நிக்கும்" என்றார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்தவர் அவர். யார் சந்தேகப்படுவார்கள்?

அம்மா சந்தேகப்பட்டாள். அடுப்புக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தவள், என்னைக் கிட்டே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "பெரியப்பாகிட்ட போய்ச் சொல்லு. தண்ணி ஏறி எறங்குற மணலு. மொள நிக்காது, மரத்துலயே கட்டச் சொல்லு."

பெரியப்பா கூடாரத்துக் கம்பத்தில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. நான் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் குரலே அப்படித்தான். யானையைக் கட்டலாம் என்று இப்போதுதான் சொன்ன மனிதரிடம், அது நிற்காது என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல பெரியப்பா" என்றேன். ஒரு பிஸ்கோத்து கொடுத்து அனுப்பினார்.

அடுப்பிடம் திரும்பியதும் அம்மா கேட்டாள். "சொன்னியா?"

சொன்னதாகத் தலையை ஆட்டினேன்.

அம்மா என்னை நம்பினாள், கயிறு மரத்துக்கு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதனால்தான், மணல் சுடுகிறது என்று பெரியம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய், மர நிழல் விழுந்த ஓடத்தில் பாய் விரித்துத் தூங்கவைத்தபோது அவள் தடுக்கவில்லை. "தாயி தண்ணிகிட்ட வர மாட்டா, புள்ளையாவது வரட்டும்" என்று பெரியம்மா கிண்டல் செய்தாள். மூன்று கோடையாக அம்மா கணுக்கால் நனையக்கூட ஆற்றில் இறங்கியதில்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மாவும் சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டாள்.

முதலில் பார்த்தவர் அப்பா. அவர் கத்திய பிறகு நாங்கள் எழுந்து பார்த்தபோது ஓடம் நடு ஆற்றுக்குப் போயிருந்தது. காலையில் ஏறிய தண்ணீர் மணலை இளக்கிவிட்டிருந்தது. வடியத் தொடங்கியதும் முளையோடு சேர்த்து ஓடத்தை இழுத்துக்கொண்டது. அவசரம் எதுவும் இல்லாமல், யாரோ உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதுபோல, அது முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் அலை வெள்ளையாக உடைந்தது. பெரியப்பா சட்டையோடு பாய்ந்து, மார்பளவு தண்ணீரில் கால் இழுபட்டுத் தடுமாறினார். நீந்தத் தெரியாத அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் தடுமாறினார்.

அம்மா ஓடத்தைப் பார்க்கவே இல்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டிச் சவுக்கு மரங்களுக்குள் ஓடினாள். "இவளுக்குப் புத்தி பேதலிச்சிட்டுதா? புள்ள அங்க போவுது, இவ எங்க ஓடுறா?" என்று பெரியம்மா அலறினாள். நான் அம்மாவின் பின்னாலேயே ஓடினேன். நான் சொல்லாததால் வந்தது என்று எனக்கு மட்டும்தானே தெரியும். மரங்களைத் தாண்டியதும் மறுபடி ஆறு. அங்கே ஆறு மணல்திட்டைச் சுற்றி வளைந்து, கடலுக்குள் போவதற்கு முன் ஒரு முறை கரையை ஒட்டி வருகிறது. ஓடம் வளைவைச் சுற்றி வர வேண்டும். அம்மா குறுக்கே வந்துவிட்டாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றாள். பிறகு எதுவும் செய்யவில்லை, காத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் முகத்தில் பதற்றமே இல்லை. நீர் எங்கே திரும்பும், எவ்வளவு நேரத்தில் வரும் என்பதைத் தன் வீட்டு அடுப்பில் உலை எப்போது கொதிக்கும் என்பதைப்போல அறிந்திருந்தாள்.

ஓடம் வளைவில் தெரிந்தது. இன்னும் இருபது முப்பது அடி தள்ளித்தான் வந்தது. அம்மா முன்னால் சாய்ந்தாள். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே, ஒரு சொட்டும் சிதறாமல் போனாள். ஓடத்தின் பின்னால் இழுபட்டு வந்த கயிற்றின் நுனியில் முளை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பல்லில் கவ்விக்கொண்டு திரும்பினாள். இரும்பைக் கவ்விய வாயோடு என் அம்மா ஆற்றிலிருந்து எழுந்து வந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஓடம் கன்றுக்குட்டிபோல வந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் ஓடி வந்தார்கள். பெரியம்மா தன் முந்தானையால் அம்மாவைப் போர்த்தி, "ஏண்டி, எங்கடி கத்துக்கின இத?" என்று அழுதாள். "எதிர்க்கரைதானக்கா எங்க ஊரு. எருமை வாலப் புடிச்சிக்கினு தெனமும் கடப்போம்" என்றாள் அம்மா. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே இருந்த அவள் ஊரின் பின்புறம் அதே ஆறு என்பதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் ஆண்கள் முன்னால் ஆற்றில் இறங்கக் கூடாது என்று இருந்துவிட்டாள். நீந்தத் தெரியுமா என்று அவளை யாரும் கேட்டதும் இல்லை.

பெரியப்பா தலை குனிந்து நின்றார். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லியனுப்பினேனே என்று ஒரு வார்த்தை போதும், நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அம்மா முளையை நீட்டி, என் வழியாக இல்லாமல், முதல் முறையாக அவரிடமே பேசினாள்.

"மணல்ல மொள நிக்காது மாமா. காலையிலயே சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு."

"நீயே வச்சிக்கோம்மா" என்றார் பெரியப்பா. அடுத்த வருடம் முதல் கூடாரத்தை எங்கே அடிக்கலாம் என்று அம்மாவைக் கேட்டுத்தான் அடித்தார். கேட்டதெல்லாம் பழையபடி என் வழியாகத்தான். நானும் ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அம்மா அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. வீட்டில் மற்றவர்களும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது, பெட்டியிலிருந்து முளையை எடுக்கச் சொல்லி, "இத நீயே வச்சிக்கோ. தம்பிக்கு ஒண்ணும் தெரிய வேணாம்" என்றாள். அவ்வளவுதான்.

போன மாதம் தம்பி தன் மகளோடு ஸ்கூட்டரில் வந்தான். அவள் லாஸ்பேட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். சிநேகிதிகள் குடும்பங்களோடு சேர்ந்து அதே மணல்திட்டில் ஒரு நாள் கூடாரம் போடப்போகிறார்களாம். வாடகைக்கு எடுத்த கூடாரத்தில் ஒரு முளை குறைகிறது. "அத்த, கதவுக்கடியில ஒண்ணு கெடக்குதே, அதக் குடுங்க" என்று குனிந்து எடுத்தாள்.

"அது மணல்ல நிக்காதும்மா. கயித்த மரத்துல கட்டு" என்றேன். ஒன்பது வயதில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. நான் பொய்யாகத் தலையாட்டியது உட்பட எல்லாவற்றையும் தம்பியைப் பார்த்துச் சொன்னேன். அந்த ஆற்றங்கரைக்குப் பிறகு அம்மா சொன்னதை நான் மீறியது இந்த ஒரு முறைதான்.

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவனோ, மகள் கையிலிருந்த முளையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு, "அம்மாவுக்கு நீஞ்சத் தெரியுமா?" என்று கேட்டான். "இன்னொரு தரம் சொல்லுக்கா. எப்படி நீஞ்சினாங்க?"

சொன்னேன். முளையை அவனே கதவடியில் திருப்பி வைத்தான்.