காதைக் கழற்றி வைக்கும் வாசல்

உருது கலந்து பேசும் வெளிமாநில ஊரான போலாரத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழையும்போது எல்லோரும் கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்கள். போன மாதம் முழுக்க நான் என் காதையும் கொடுத்துவிட்டுப் போனேன். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ராணுவ உதிரிபாகங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம் இது. சீனாவில் செய்த, கம்பியில்லாமல் இணையும் கருவி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. மூன்று வருடமாக நான் போட்டிருக்கும் செவித்துணைக் கருவியின் அடியில் அந்த நாட்டுப் பெயர் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

"நக்கோ சாப், அந்தர் நக்கோ," என்று, உள்ளே கூடாது என்பதாகத் தட்டை நீட்டினார் காவலாளி யூசுப் பாய்.

"யே மேரா கான் ஹை," இது என் காது என்றேன், என் ஓட்டை இந்தியில். அவர் தலையாட்டிவிட்டு, ரசீதில் 'காது, ஒன்று' என்றே எழுதிக் கொடுத்தார்.

நான் தூத்துக்குடிக்காரன். சின்ன வயதில் எங்களுக்கு அண்டை நாடு என்றால், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வானொலியில் பாட்டுப் போடும் நாடு. அண்டை நாடு வளர்ந்தால் பயப்பட வேண்டும் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. காலையில் தொலைக்காட்சியில் ஓர் அமைச்சர் சீனா அச்சுறுத்தல் என்கிறார். சாயங்காலம் இன்னொருவர் அதே நாட்டுக்காரர்களோடு கைகுலுக்கி வணிகம் பெருகும் என்கிறார். மகனை எல்லைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் லோத்குண்டாவில் என் தெருவிலேயே இருக்கிறார்கள். பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. என் காது எந்தப் பக்கம் என்றுதான் புரியவில்லை.

கருவி இல்லாமல் வேலையில் பாதி விளங்கவில்லை. கூப்பிட்டும் திரும்பவில்லை என்று மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர் தாஸ், பக்கத்து மேசைக்காரர், காதருகே வந்து கத்தினார்: "கைக்கு டென்ஷன் ஆவுறீங்க சார், எதுக்கு? ஒரு லெட்டர் குடுங்க, பர்மிஷன் வந்துரும்."

வந்தது. வேலை நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்; பாதுகாப்பு பற்றிய கூட்டங்களில் மட்டும் கழற்றிவிட வேண்டும்.

நேற்று அப்படியொரு கூட்டம். டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். திரையில் வடக்கு எல்லை, அதன்மேல் சிவப்பு அம்புகள். ஒரு மணி நேரம் அவர் வாய் அசைந்தது. நம் நாட்டுக்கு என்ன ஆபத்து என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, என்னைத் தவிர. திடீரென்று எல்லோரும் எழுந்தார்கள். உதடுகள் அசைந்தன. நானும் விறைப்பாக நின்று தேசிய கீதம் பாடத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் தாஸ் என் கையில் டீ கப்பை வைத்தார்.