நூறு பேரும் பார்த்த வீடியோ

சமூக மருத்துவம் நடத்தும் அந்த ஆசிரியைக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்று மருத்துவக் கல்லூரியில் பெயர். அப்படிப்பட்டவர்தான் இந்த வருடம் வகுப்பில் பாடமே நடத்துவதில்லை என்று முடிவெடுத்தார். பாடம் வீடியோவாக முந்தின நாளே மாணவர்களின் கைப்பேசிக்குப் போய்விடும். வகுப்பில் கேள்வியும் விவாதமும் மட்டும்.

வீடியோவைப் படுக்கையறையில் எடுத்தார். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். "உன் பசங்க டாக்டர் ஆகறதுக்குள்ள நான் வெந்துடுவேன்," என்பார் கணவர், பனியனால் விசிறிக்கொண்டே.

துறைத் தலைவருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "வீட்டுலயே படிச்சுக்கலாம்னா நமக்கு எதுக்கு சம்பளம்?" என்று கல்லூரி முதல்வரிடம் போய்ப் போட்டுக்கொடுத்தார். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்கிறேன் என்றார் முதல்வர். அவர் வகுப்புக்கு வருவதாக இருந்த நாள் காலையில் ஆசிரியை அவர் அறைக்கே போய், "நூறு பேரும் பாத்துட்டாங்க சார், கம்ப்யூட்டர்ல காட்டுது," என்று பெருமையடித்துவிட்டு வந்தார்.

முதல்வர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆசிரியை பலகையில் கேள்வியை எழுதினார்: ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை கொடுத்தாகிவிட்டது. நோய் ஏன் குறையவில்லை?

எல்லோரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். ஒருத்தி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். யாரும் வீடியோவைப் பார்க்கவில்லை என்பது ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது. இப்போது பாடத்தை எடுத்துவிட்டால் மானம் தப்பும், ஆனால் இத்தனை நாள் போராடிக் கொண்டுவந்த முறை அத்தோடு ஒழிந்துபோகும். நாக்கு நுனிவரை வந்த முதல் வாக்கியத்தை விழுங்கினார்.

"யார் யார் வீடியோவப் பாத்தீங்க? உண்மையச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

ஒரு கைகூட எழவில்லை.

"அப்ப நூறுன்னு எப்படிக் காட்டுது?"

கொட்டாவி என்று பெயர் வாங்கியிருந்த மாணவன் எழுந்தான். "ஓட விட்டுட்டு போனக் கவுத்து வெச்சுட்டோம் மேடம். ஒரு மணி நேர வீடியோ. வார்டு முடிஞ்சு வந்தா கண்ணு சொக்குது."

வகுப்பில் கட்டிப்போட்ட வாயை வீடியோவில் அவிழ்த்துவிட்டிருந்தது ஆசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களும் ஒவ்வொன்றாகக் கக்கினார்கள். தோழி பார்த்துச் சொல்லிவிடுவாள். பரீட்சைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்குப் போகப்போகிறவனுக்கு இது எதற்கு?

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒவ்வொரு காரணத்தையும் கேள்விக்குக் கீழே எழுதினார். "இப்ப மேல இருக்கற கேள்வியப் படிங்க."

கொட்டாவிதான் முதலில் பேசினான். "மாத்திரைய வாங்கி அலமாரில போட்டிருப்பாங்க மேடம். நமக்குத்தான் நோய் இல்லையேன்னு."

"வேலைக்குப் போற நாள்ல தலை சுத்தும்னு பயந்திருப்பாங்க," என்றாள் பேனா மூடிக்காரி. அப்புறம் வகுப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை.

முதல்வர் எழுந்து முன்னால் வந்ததும் சத்தம் அடங்கியது.

"நூறு பேரும் பாத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"தப்பு சார். ஓடுனதத்தான் எண்ணினேன்." ஆசிரியை சாக்பீஸை மேசையில் வைத்தார். "நிறுத்தறதுன்னா நிறுத்திடுங்க."

முதல்வர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சுகாதார அதிகாரியா இருந்தப்போ நானும் குடுத்த மாத்திரையத்தான் எண்ணினேன். முழுங்கினாங்களான்னு ஒரு வீட்டுலயும் கேக்கல. அதுக்கு விருது வேற குடுத்தாங்க."

முன் பெஞ்சில் இருந்தவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடத்துங்க," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல, நடத்தாதீங்க. கேளுங்க."