பம்பைச் சத்தத்திலும் கேட்கிற கித்தார்

இசைக்கருவிக் கடையில் வேலை பார்ப்பவன் நாள் முழுக்க இசை கேட்கிறான் என்று நினைக்காதீர்கள். நாங்கள் கேட்பதெல்லாம் ஒரே பாட்டின் முதல் வரிதான், அதுவும் தப்பும் தவறுமாக. கடைக்குள் வருகிற எல்லாரும் அதைத்தான் வாசித்துப் பார்ப்பார்கள். துணிக்கடையிலும் செல்போன் கடையிலும் நாள் பூராவும் நிற்கிற நண்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். கும்மிடிப்பூண்டி பஜாரில் கித்தார் பகுதி என் பொறுப்பு. வாடிக்கையாளர்களைப் புகழ்ந்து பேசுகிற ஆள் இல்லை நான். எஸ்தரைப் பற்றி மட்டும் புகழாமல் இருக்க முடியவில்லை.

மூன்று போதும்

எஸ்தர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு, தோளில் கித்தாரோடு வந்தார். வீடு ஆரம்பாக்கம். கணவருக்கு நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார். அதனால் வீட்டில் வாசித்தால் சத்தம் வெளியே வரக்கூடாது. மேடையிலோ சத்தம் வந்தே ஆகவேண்டும். பாபு அண்ணன் என்பவர் நடத்தும் அம்மன் பாட்டுக் குழுவில் எஸ்தர் வாசிக்கிறார். கித்தாரை நேராக மைக்செட்டில் சொருகியதில், பம்பை மேளத்துக்கு நடுவே அது யாருக்குமே கேட்கவில்லை. பெரியபாளையத்து ஆடிக் கச்சேரியிலும் இப்படியே இருந்தால் கித்தாரே வேண்டாம், கீபோர்டிலேயே சமாளித்துக்கொள்கிறேன் என்று பாபு அண்ணன் சொல்லிவிட்டாராம். கித்தார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெரிய ஆம்ப் பெட்டி வாங்கலாம் என்றால், அதை யார் லோக்கல் ரயிலில் தூக்கிப் போவது?

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே வந்திருப்பது ஆம்ப் மாடலர். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிதான். பெரிய ஆம்ப் எழுப்புகிற சத்தத்தை உள்ளேயே உண்டாக்கித் தரும்; வீட்டில் ஹெட்போனில் கேட்கலாம், மேடையில் மைக்செட்டில் கொடுக்கலாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. குகைக்குள் வாசிக்கிற மாதிரி ஒன்று, ஸ்டேடியத்தில் வாசிக்கிற மாதிரி ஒன்று என்று வரிசையாக ஓட்டிக் காட்டினேன். எஸ்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தினி சத்தம் வச்சிக்கினு நா இன்னாண்ணா பண்றது? எனக்கு மூணு போதும். ஆனா அந்த மூணும் கூட்டத்துக்குப் பின்னால நிக்கிற ஐஸ்காரர் காதுல உழணும்."

பிளக்கைப் பிடுங்கினார்

அடுத்த முறை வந்தபோது இரண்டு மாடலர்களை மேஜையில் வைத்தேன். ஒன்று பெரியது, தொடுதிரையெல்லாம் உண்டு. இன்னொன்று சின்னது, நாலே குமிழ். எஸ்தர் பெரியதைக் கொஞ்சம் வாசித்தார். திடீரென்று குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. கல்லாவிலிருந்த முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். எஸ்தர் அலட்டிக்கொள்ளாமல் மறுபடி சொருகி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கம்பெனி பெயரைக் காட்டி, சுற்றிச் சுற்றி, ஆற அமர விழித்தது. சின்னதையும் அதேபோலப் பிடுங்கிச் சொருகினார். அது உடனே பாடத் தயாராகிவிட்டது.

எத்தனையோ பேருக்கு இதை விற்றிருக்கிறேன். திரையின் அழகைப் பார்ப்பார்கள், வண்ணத்தைக்கூடக் கேட்பார்கள். இப்படிச் சோதித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சின்னதைக் கையில் எடுத்துக்கொண்டே எஸ்தர் சொன்னார்: "திருவிழால கரண்ட்டு போயி ஜெனரேட்டர் போடுவாங்கண்ணா. அந்தப் பெருசு எழுந்துக்கிற வரைக்கும் சாமி ஆடுறவங்கள நிறுத்தி வைக்க முடியுமா?"

காதில் இனித்தது

எஸ்தர் வாங்கிய அந்தச் சின்னப் பெட்டியில் மூன்று சத்தங்களை நானே ஹெட்போன் போட்டு அமைத்துக் கொடுத்திருந்தேன். அடித்தொனி கும்மென்று, எதிரொலியோடு, தேன் மாதிரி இருந்தது. ஒத்திகைக்குப் போனவர் வாடிய முகத்தோடு திரும்பிவந்தார். பம்பையும் உடுக்கையும் ஆரம்பித்ததும் தேன் கரைந்து காணாமல் போய்விட்டதாம். பாபு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பெட்டியைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் தரவில்லை. ஒத்திகையில் பம்பையை போனில் பதிவு செய்து வந்திருந்தார். அதைக் கடை ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் போடச் சொல்லி, அதற்கு நடுவே நின்று வாசித்தார். நான் குமிழ்களைத் திருகினேன். அடித்தொனியைக் குறைத்தோம், எதிரொலியை எடுத்தோம், நடுத்தொனியைத் தூக்கினோம். பஜாரே வாசலில் கூடிவிட்டது. பம்பையை நிறுத்திவிட்டுக் கித்தாரை மட்டும் கேட்டால் டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குச் சகிக்கவில்லை, கொஞ்சம் தேன் சேர்க்கட்டுமா என்றேன். எஸ்தர் என் கையை விலக்கினார்: "வோணாண்ணா. தனியா கேக்க ஊட்டுக்கு வேற சத்தம் ஒண்ணு வச்சிக்கிறேன். இது சண்டைக்குப் போறது, இதுக்கு அலங்காரம் வோணாம்."

வெள்ளை டேப்

ஆடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியபாளையத்துக்கு நானும் போனேன். மைக்செட்காரர் மிக்ஸரில் ஒவ்வொரு குமிழுக்குக் கீழேயும் வெள்ளை டேப் ஒட்டி, பாட்டு, பம்பை, கீபோர்டு என்று எழுதியிருந்தார். எஸ்தர் சொருகிய இடத்தில் 'மத்தது' என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

பம்பை ஏறியது, உடுக்கை சேர்ந்தது. அதற்கு மேலே, கத்தியால் கோடு போட்டதுபோலத் தெளிவாகக் கித்தார் கேட்டது. கூட்டத்தின் கடைசிவரை நடந்து போய்ப் பார்த்தேன், அங்கேயும் கேட்டது. மேடையில் பாபு அண்ணன் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கீபோர்டின் சத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டார். என் கண் கலங்கிவிட்டது, சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கச்சேரி முடிந்து மைக்செட்காரர் டேப்புகளைக் கிழித்துக்கொண்டே வந்தார். 'மத்தது' மேல் கை வைத்தபோது பாபு அண்ணன் தடுத்தார்: "அந்த லைனு அப்டியே இருக்கட்டும், நைனா. பேர மட்டும் மாத்து. எஸ்தர்னு எய்து."

கடையில் நாங்கள் கொடுப்பது பெட்டியை மட்டும்தான். அதைக் கேட்கவைக்கிற பெரிய வேலையை வாங்குகிறவர்களே செய்துவிட்டு, கடைசியில் வந்து நமக்கு நன்றி வேறு சொல்கிறார்கள்.