ஏழாம் எண் தூக்குச்சட்டி

மாட்டுங்கா லேபர் கேம்பில் பத்தடிக்குப் பத்தடி அறையில், ஒரே ஒரு கிரைண்டரை வைத்து மாவுக்கடை தொடங்கியவன் நான். குழாய் கிடையாது, கரண்ட் வந்தால் வந்தது, படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்று கிங்ஸ் சர்க்கிளில் பாதி ஹோட்டல்களில் என் மாவுதான் இட்லியாக வேகிறது. தாராவியில் இரண்டு மாடிக் கடை, செம்பூரில் வீடு, மூன்று டெம்போ, எல்லாம் ஒருவன் தயவும் இல்லாமல் நான் உண்டாக்கியவை. இவ்வளவு இருந்தும், அலமாரியில் இருக்கும் ஒரு பழைய எவர்சில்வர் தூக்குச்சட்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் ‘7’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் என் மனைவியின் தம்பி. உணவில் வளரும் நுண்ணுயிர்களை ஆராயும் பெரிய விஞ்ஞானி.

அவன் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிது. நல்ல குளிர்காலம். தாராவியிலும் சீத்தா கேம்பிலும் நம் ஆட்கள் விற்கும் மாவையெல்லாம் வாங்கிப் பரிசோதிக்கிறேன், நீங்களும் கொஞ்சம் தாருங்கள் அத்தான் என்று கேட்டான். லேபுக்குப் போகிற சரக்காயிற்றே, மானம் போகக்கூடாது என்று நினைத்தேன். புதிதாக ஒரு டிரம் வாங்கினேன். தூக்குச்சட்டியைக் கொதிநீரில் போட்டு, சோப்பால் மூன்று தடவை தேய்த்தேன். முழங்கை வரை கை கழுவி, கரண்டியால் உப்பைக் கலந்து, பூஜைச் சாமான் போல அனுப்பி வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. “என்னத்த குடுத்திய அத்தான்? சிமெண்டக் கரைச்சு வச்ச மாதிரி கெடக்கு. சீத்தா கேம்ப்காரர் மாவு மூடியத் தள்ளிட்டு நிக்கி!”

கடைக்கு வரச் சொல்லி, பழைய டிரம்முக்கு முன்னால் அவனை உட்கார வைத்தேன். “மாப்ள, ஒனக்காகத் தேச்சித் தேச்சிக் கெடுத்துட்டேன். இந்த டிரம்முல நான் ஒருநாளும் சோப்பு போட்டதில்ல. நேத்து மாவுல ஒரு கரண்டிய அடியில விட்டுத்தான் இன்னைக்கு மாவ ஊத்துவேன். குளிருன்னா ரெண்டு கரண்டி. உப்ப வெறுங்கையால கலக்கணும். இத எவன்ட்டயும் சொன்னதில்ல, ஒனக்குச் சொல்லுதேன்” என்றேன். அவன் நோட்டுப் புத்தகத்தில் வேகவேகமாக எழுதினான். போகும்போது பழைய டிரம்மிலிருந்தே மாவை அதே தூக்குச்சட்டியில் எடுத்து, மற்றவர் மாவோடு கலந்துவிடாமல் இருக்க ‘7’ என்று சீட்டு ஒட்டிக்கொண்டு போனான். ஏழாம் எண் மாவுதான் எல்லாவற்றிலும் நன்றாகப் பொங்கியது என்று, தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவனே சொன்னான். அன்றைக்கு நான் நடந்த நடையைத் தாராவி பார்த்திருக்க வேண்டும்!

அவனுடைய முதல் கட்டுரை அந்த ஒரு கரண்டிப் பழைய மாவைப் பற்றித்தான். அடுத்தது அந்தக் கழுவாத டிரம்மைப் பற்றி. அதற்கடுத்தது உப்புக் கலக்கும் கையைப் பற்றி. கட்டுரை மேல் கட்டுரை வந்தது, வேலை உயர்ந்தது, விமானத்தில் பறந்தான். போன மாதம் மாட்டுங்காவில் நம் சங்கத்தார் அவனுக்கு விழா எடுத்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசையில் நாற்காலி. அந்த ஹாலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

இவர் கட்டுரைகளை உலகமெங்கும் அறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று மேடையில் சொன்னபோது கைதட்டல் நிற்கவில்லை. அப்படியென்றால் என்ன என்று பக்கத்தில் இருந்த கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன்.

“ஒரு விஷயத்த எழுதுறப்ப, இத முதல்ல சொன்னவர் இன்னார்னு பேர் போடணும் ஐயா. போடலன்னா அது திருட்டு” என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. “எந்தம்பிக்குச் சால்வ போட்டா ஒங்களுக்கு ஏன் வேர்க்கு?” என்று மனைவி காதருகில் கிண்டலடித்தாள். பொறாமைதான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் பொறாமைப்படுகிறவன் சொல்வது பொய்யாகிவிடுமா?

சாப்பாட்டுப் பந்தியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “மாப்ள, முதல்ல சொன்னவன் நான்லா? எம்பேரு எங்க?”

அவன் சிரித்தான். “கடைசிப் பக்கத்துல ‘தாராவி மாவு வியாபாரிகளுக்கு நன்றி’ன்னு போட்டிருக்கேன் அத்தான். நீங்க சொன்னது வாய்ப்பேச்சு. அச்சுல இருந்தாத்தான் பேர் போட முடியும்” என்றான். பிறகு பாயசத்தை என் பக்கம் தள்ளிவைத்தான்.

அதனால்தான் சங்கத்து ஆண்டு மலருக்கு எதையாவது எழுதுங்கள் என்று கேட்டபோது இதை எழுதினேன். மேலே என் பெயர் இருக்கிறது. இப்போது இது அச்சில் இருக்கிறது, மாப்ள. அடுத்த கட்டுரையில் அந்த ஒரு கரண்டி மாவு வரும் இடத்தில் என் பெயரையும் கடைப் பெயரையும் முழுசாகப் போடு. தூக்குச்சட்டியை அப்படியே வைத்திருக்கிறேன். எத்தனை தடவை கழுவியும் அந்தச் சீட்டு போகவில்லை. நானாக அதை உரிக்க மாட்டேன். ஒட்டியவன் நீ, நீயே வந்து உரி.